ஊசி குத்தியது தெரியவில்லை

நான் ஆம்பூர் பக்கம் வீட்டிலேயே ஷூவுக்குக் கைத்தையல் போட்டுவந்தேன். மகனைப் படிக்கவைக்க எடுத்த வேலை. அவன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான். ஆனாலும் ஷூ கம்பெனி ஏஜென்ட் செல்வி அக்கா தோல் மூட்டையை இறக்கினால், வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. நூலை இழுத்து இழுத்து விரல்கள் மரத்துப்போயின. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் வெள்ளைத் தோல் தைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட வந்த வீட்டுக்காரர் கத்தினார்.

"இன்னாடி இது, தோலெல்லாம் ரத்தம்!"

ஊசி விரலில் ஏறி நின்றது. வலியே இல்லை. அதுதான் பயமாகிவிட்டது. இனியும் தைத்தால் உணர்ச்சி திரும்பாது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

சாயந்தரமே மூட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பையன் சம்பாதிக்கிறான்னு திமிரா கோமதி? நீ இல்லன்னா யாரு தைப்பா?" என்றார் அக்கா.

"தெரியலக்கா. என்னால முடியாது."

மறுநாள் மூட்டை எதிர்வீட்டுக்குப் போனது. நான் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்று நானும் நம்பியிருந்தேன்.

இப்போது எந்த வேலையானாலும், எதற்காக ஆரம்பித்தோமோ அது முடிந்துவிட்டதா என்று நடுவில் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் தெரு மகளிர் குழுவைத் தொடங்கிவைக்க ஏற்றிருந்த தலைவி பொறுப்பையும், குழு இப்போது தானாகவே நடப்பதால், போன வாரம் விட்டுவிட்டேன். யாரும் அழவில்லை.