அர்பாபின் மேக்னமும் மகளின் ஆறரையும்

கண்ணாடி மேசையின் மேல் இரண்டு தோட்டாக்கள் நிமிர்ந்து நின்றன. ஒன்று இடுப்பில் பட்டி கட்டிய பயில்வானைப் போலத் தடித்தது. மற்றொன்று அதைவிட ஒரு விரற்கடை குட்டை; ஆனால் அதன் பித்தளைக் கூட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குண்டு, சீவிய பென்சில் முனைபோல நீளமாக, ஒல்லியாக இருந்தது. தடித்ததை வைத்தவர் அர்பாப். ஒல்லியானதை வைத்தவர் அவருடைய மகள். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "சொல் பாய், எது பெரியது?" என்றார் அவர். "அளவைக் கேட்கவில்லை, எது சரியாகப் போகும் என்று சொல்லுங்கள்" என்றாள் அவள். நான் ஏசி குளிரிலும் வியர்த்துப்போய் நின்றேன்.

துபாயிலிருந்து அல் ஐன் போகும் சாலையில், மணல் மேடுகளுக்கு நடுவே இருந்த ஒரு துப்பாக்கிச் சுடும் கிளப்பில் அப்போது எனக்கு வேலை. அல் குசைஸில் இருந்த எங்கள் ரூமிலிருந்து விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏற்றிக்கொண்டு போகும். தோட்டாக்களை எண்ணிக் கொடுப்பதும், சுட்ட பிறகு காலிக் கூடுகளைத் திரும்ப வாங்குவதும், சுடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்துக் குண்டு எங்கே விழுந்தது என்று சொல்வதும் என் டூட்டி. கிளப்பின் சொந்தக்காரரைத்தான் எல்லோரும் அர்பாப், அதாவது முதலாளி, என்போம். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற குரல். அரபியும் உருதுவும் கலந்து பேசுவார். என் காதில் அது எப்போதோ தமிழாக மாறிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு தோட்டாவின் மேல்தான் காதல். முந்நூறு மேக்னம். அதைச் சுட்டால் பக்கத்து மேடையில் இருப்பவரின் தேநீர்க் குவளை ஆடும். காற்று அடித்தாலும் அசையாது, எவ்வளவு தூரம் போனாலும் வலு குறையாது என்று அதன் புகழைப் பாடுவார். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியிருந்த மகள், ஆறரை மில்லிமீட்டர் குண்டு போடும் சிறிய ரைஃபிள் ஒன்றைக் கொண்டுவந்தாள். கிளப்பில் அதற்கு நான் வைத்த பெயர் 'ஆறரை'. அன்றிலிருந்து வீட்டில் தொடங்கும் வாக்குவாதம் என் கவுன்ட்டரில் வந்து முடியும். சில நாள் முடியாமலே வண்டியேறித் திரும்பவும் வீட்டுக்குப் போகும்.

உண்மையில் இருவர் சொன்னதும் பாதி சரி. மேக்னத்தில் மருந்து அதிகம், குண்டு கனம். தூரத்தில் போய் அடிக்கும்போது அதன் பலம் ஆறரையைவிட மிக அதிகம். ஆனால் ஆறரையின் குண்டு ஒல்லியாக நீண்டிருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆயிரம் மீட்டரில் பக்கக்காற்று இரண்டையும் தள்ளும் அளவில் பெரிய வித்தியாசமில்லை. தோளில் விழும் உதையோ மேக்னத்துக்கு இரண்டு மடங்கு. இதை இருவரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னேன். அவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போனார். அவள் இரண்டாம் பாதியை மட்டும்.

விஷயம் வெறும் பேச்சாக நின்றிருந்தால் பரவாயில்லை. தஜிகிஸ்தான் மலையில் காட்டாடு வேட்டைக்குப் போக, பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு அர்பாபுக்கு அனுமதி கிடைத்திருந்தது. மகள் தானும் வருவேன் என்றாள். "அந்தப் பொம்மையைத் தூக்கிக்கொண்டா? மேக்னம் எடுத்தால் வா, இல்லையென்றால் வீட்டில் இரு" என்றார். சிறு வயதிலிருந்து அந்த மலையின் கதையைக் கேட்டே வளர்ந்தவள் அவள். முகம் சிவந்துபோனது. "ஆயிரம் மீட்டரில் சுட்டுப் பார்க்கலாம் பாபா. நீங்கள் ஜெயித்தால் நான் வரவில்லை." அவர் கையை நீட்டினார். "கலாஸ், பேச்சு முடிந்தது!"

போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க அவர் பயிற்சி செய்தார். குண்டுகள் இடமும் கீழுமாகச் சிதறின. "இந்தப் பெட்டி சரியில்லை, வேறு கொடு" என்பார். கொடுப்பேன். அதுவும் சரியில்லை என்பார். பெட்டியில் குறையில்லை என்று எனக்குத் தெரியும். விசையை அழுத்தும் கணத்தில் அவர் கண் இறுக மூடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தேன். முதலாளியிடம் இதை யார் சொல்வது?

போட்டியன்று காலையிலேயே ஷமால் என்னும் வடமேற்குக் காற்று கிளம்பிவிட்டது. தொலைவில், இலக்காக நின்ற இரும்புத் தட்டுக்குப் பக்கத்து மண்மேட்டின் பின்னால், புதுக்கோட்டைக்கார அண்ணன் ஒருவர் வாக்கி-டாக்கியோடு உட்கார்ந்திருந்தார். அடிபட்ட தட்டுக்கு வெள்ளை அடிப்பது அவர் வேலை என்பதால் அவருக்குப் பெயின்ட் அண்ணன் என்றே பெயர். ஒருவர் துப்பாக்கிக்கு மற்றவர் தோட்டா நிரப்புவது என்று பேச்சு. மகள் முதலில் சுட்டாள். ஐந்தில் மூன்று தட்டில் பட்டன. பிறகு அர்பாப் பாயில் குப்புறப் படுத்தார். முதல் குண்டு மணலைக் கிளப்பியது. "இடது பக்கம் போச்சு தம்பி" என்றார் அண்ணன். இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதற்கு வெடிச் சத்தமே இல்லை. 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு, யாரோ தலையில் தட்டியதுபோல இடப்பக்கம் குனிந்து எழுந்தது. எல்லோரும் பார்த்தோம். உதையே இல்லாதபோது உதைக்குப் பயந்து அவர் உடம்பு துள்ளியிருந்தது. வெடிக்காத தோட்டா கொடுத்தது நான்தான் என்று நினைப்பாரே! அவர் துப்பாக்கியின் பூட்டைத் திறந்தார். மருந்தில்லாத, சிவப்புச் சாயம் பூசிய போலித் தோட்டா ஒன்று பாயில் விழுந்து உருண்டது. அதை எடுத்துப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"போட்டியில் ஏமாற்றுகிறாயா?"

"இது போட்டி இல்லை பாபா, வைத்தியம்" என்றாள் அவள். "மணல் மேட்டில் வண்டி புரண்டதிலிருந்து உங்கள் தோள் வலிக்கிறது. தண்ணீர்க் குவளையைக்கூட இடக்கையால்தான் எடுக்கிறீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா?"

அவர் தோளைத் தடவிக்கொண்டே மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "உன் அம்மாவிடம்கூட மறைத்துவிட்டேன். உன்னிடம் முடியவில்லையே!" என்று மகளின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். அப்புறம் கையை நீட்டினார். "யல்லா, அந்தப் பொம்மையைக் கொடு."

ஆறரையோடு படுத்தார். நான் காற்றின் வேகத்தையும் திசையையும் சொன்னேன். அவர் குறியைத் திருத்திக்கொண்டு அழுத்தினார். குண்டு போய்ச் சேர ஒன்றரை நொடிக்கும் மேல். சத்தம் திரும்பி வர இன்னும் மூன்று நொடி. ஆயிரம் மீட்டரில் சுடுவதன் சுகமே அந்த இடைவெளிதான். செய்ததைத் திருத்தவும் முடியாது, என்ன ஆனதென்று காதால் கேட்கவும் முடியாது. காற்றுக்கு நடுவே மெல்லியதாக 'ணங்' என்றது. அதற்கும் முன்பே வாக்கி-டாக்கியில் பெயின்ட் அண்ணன் கத்தினார்: "மணி அடிச்சிருச்சு தம்பீ! நட்டநடுவுல!"

"என்ன சொல்கிறான்?" என்று அர்பாப் கேட்டார். மொழிபெயர்த்தேன். மறுபடி சுட்டார். மறுபடியும் பட்டது. ஆறடி மனிதர் பாயில் படுத்தபடியே குழந்தைபோலக் காலை உதைத்துக்கொண்டார்.

இருவரும் மலைக்குப் போனார்கள், ஆறரையோடுதான். திரும்பி வந்து என் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு அவர் சொன்ன கதையில் பெருமை வேறிடத்தில் இருந்தது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், எண்ணூறு மீட்டருக்கு மேல், பெரிய கொம்போடு ஒரு கிடா நின்றதாம். இவர் 'சுடு' என்றாராம். மகள் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டாள். "இரும்புத் தட்டுக்கு வலிக்காது பாபா, இதற்கு வலிக்கும். இந்தத் தூரத்துக்கு என் தோட்டா போதாது." மேக்னத்தின் பக்கம் இருந்த நியாயத்தை அவளே ஒப்புக்கொண்டதைச் சொல்லும்போது அவர் கவுன்ட்டரை உள்ளங்கையால் தட்டினார். மறுநாள் பாறைகளுக்கிடையே ஊர்ந்து நெருங்கி, முந்நூறு மீட்டரில் ஒரே குண்டில் முடித்திருக்கிறாள். "அவள் சுட்டதற்கு அல்ல பாய், சுடாமல் விட்டதற்குத்தான் ஊருக்கெல்லாம் விருந்து வைக்கப்போகிறேன்" என்றார். வைக்கவும் செய்தார்; கிளப்பில் வேலை செய்த அத்தனை பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்து தின்றோம்.

இப்போது நான் சவூதியின் யான்புவில், ஒரு கம்பெனி ஸ்டோரில் போல்ட்டும் வால்வும் எண்ணிக் கொடுக்கிறேன். அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று காது கொடுத்துக் காத்திருக்கத் தேவையில்லாத சாமான்கள். சலிப்பான மதியங்களில் எனக்கு நினைவு வருவது அந்த விருந்துக்கு மறுநாள்.

அர்பாப் ஆறரையைப் பாயில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இத்தனை வருடமாக எடுத்துக் கொடுக்கிறாய். ஒன்றாவது சுட்டிருக்கிறாயா?"

"இல்லை அர்பாப்."

"படு."

எங்கள் ஊர் கீழக்கரையில் பொம்மைத் துப்பாக்கிகூடத் தொட்டதில்லை நான். மகள் என் பக்கத்தில் அமர்ந்து, நான் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து, காற்றை எனக்குச் சொன்னாள். மூச்சை விட்டு அழுத்தினேன். தோளில் ஒரு செல்லத் தள்ளு. பிறகு அந்தக் காத்திருப்பு. 'ணங்.'

வாக்கி-டாக்கி கரகரத்தது. "யாரு தம்பி அது, அர்பாபா?"

"இல்லண்ணே. நான்தான்."

"நீயா சுட்ட?" என்றார் அண்ணன். வாக்கி-டாக்கி மறுபடி கரகரத்தது. "ஏன் தம்பி, அப்ப நானும் ஒண்ணு சுட்டுப் பாக்கலாமான்னு கேட்டுச் சொல்றியா?"

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அர்பாப் சாவியை எடுத்துக்கொண்டு பிக்கப்பை நோக்கி நடந்துவிட்டார். புழுதி கிளப்பிக்கொண்டு போன வண்டி திரும்பி வந்தபோது, ஓட்டுநர் இருக்கையில் வெள்ளைக் கந்தூரா அங்கியோடு அவர். பக்கத்தில், பெயின்ட் கைகளைச் சீட்டில் படாமல் மடிமேல் தூக்கிப் பிடித்தபடி, வாயெல்லாம் பல்லாகப் பெயின்ட் அண்ணன்.