பதினாறு பிளாப்பிகளுக்குச் சந்தனம்

எண்பதுகளின் கடைசியில், சாரம் என்கிற பகுதியில் ஒரு மாடி அறையில் நடந்துவந்த சின்ன ஆபீசில் வேலை பார்த்தேன். டைப்பிங், மொழிபெயர்ப்பு, மனு எழுதித் தருவது எல்லாம் உண்டு. கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அதை நீ பார்த்துக்கொள் என்று முதலாளி சொன்னதை, நான் நிபுணன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அந்த வயது என்னை இப்போது எதிரில் கண்டால் கன்னத்தில் ஒன்று விடுவேன்.

கம்ப்யூட்டரில் நடந்த பெரிய வேலை ஒன்றுதான். கோர்ட்டில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சட்டச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி செய்துகொண்டிருந்தார். வருஷக்கணக்காகத் துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சேர்த்ததை, அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் டைப்பிஸ்ட் பெண் ஒன்றரை வருஷமாக அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சீட்டை அடித்ததும் கிழித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை ஏறிவிடும் என்பது அவர் உத்தரவு. அரைகுறையாக அச்செடுக்கவும் விடமாட்டார். இதற்குள் அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. அவள் திரையைப் பார்த்து வாசிப்பாள், அவர் கேட்டுத் திருத்துவார். பிரெஞ்சு வழக்கப்படி அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடுவாள். அந்த அகராதிக்கு ஹார்டு டிஸ்கை விட்டால் வேறு இடம் கிடையாது.

டிஸ்க் மகா மெதுவு. கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் பூக்கட்டுவாள். பெரியவர் மூக்குப்பொடி போடுவார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. பொறுக்க முடியாமல் தவித்தவன் நான் ஒருவன்தான்.

காரணத்தை ஒரு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். சுற்றுகிற குடைராட்டினத்தில் ஒவ்வொரு குதிரையில் இருக்கும் பிள்ளைக்கும் வரிசையாக மிட்டாய் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். முதல் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பையில் கைவிடுவதற்குள் இரண்டாவது குதிரை தாண்டிவிடும். அது திரும்ப வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த எண்களுக்கு நடுவில் சில குதிரைகளை விட்டு எண் போட்டால், கை தயாராகும்போது சரியான குதிரை எதிரில் வந்து நிற்கும். டிஸ்கிலும் அப்படித்தான். எங்கள் டிஸ்கில் தகவல் துண்டுகளின் எண்களை ஒட்டி ஒட்டிப் போட்டிருந்தார்கள். எத்தனை இடம் விட வேண்டும் என்பதைச் செய்துபார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொரு முறையும் டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும்.

டிஸ்கை வேகமாக்கப் போகிறேன் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் பதினாறு பிளாப்பித் தட்டுகளில் நகல் எடுத்து அவள் மேசையில் அடுக்கி, உன் ஒன்றரை வருஷ உழைப்பும் இதில்தான் இருக்கிறது, பத்திரம் என்று சொன்னேன். பிறகு மூன்று விட்டுப் பார்த்தேன், ஐந்து விட்டுப் பார்த்தேன். நான்கு விட்டபோது டிஸ்க் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் ஆபீசைப் பூட்டும் நேரமாகிவிட்டது. மறுநாள் எந்தக் கருவியையும் தொடக்கூடாது. பிளாப்பியில் இருப்பதை விஜயதசமி அன்று ஏற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

பூஜை அன்று நான் போவதற்குள் அவள் எல்லாவற்றையும் முடித்திருந்தாள். டைப்ரைட்டர், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில் தலைவாழை இலை, அதன்மேல் உறையிலிருந்து உருவி வரிசையாக வைத்த பதினாறு பிளாப்பிகள். உள்ளே இருக்கும் பளபளப்பான தகடு வெளியே தெரிய ஒரு நீளத் துளை உண்டு, கம்ப்யூட்டர் படிப்பது அதன் வழியாகத்தான். பதினாறிலும் சரியாக அந்தத் துளைக்குள் கெட்டிச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஏன் உறையிலிருந்து எடுத்தாய் என்று கேட்டேன்.

"கவர் மேல வச்சா கவருக்குத்தானே சார் போவும். நீங்கதான சொன்னீங்க, எல்லாம் இதுலதான் இருக்குதுன்னு. நெத்தி மாதிரி இருந்திச்சி, அதான் அங்க வச்சேன்" என்றாள்.

துடைக்கக் கை நீட்டினேன். பூஜை போட்டதை இன்றைக்குக் கலைக்கக் கூடாது என்று முதலாளி தடுத்துவிட்டார். எடுத்துச் சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை. பொரியும் கடலையும் கையில் வாங்கிக்கொண்டு, சந்தனம் காய்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவளைத் திட்ட வாய் வரவில்லை. அத்தனை அக்கறையாக வைத்திருந்தாள்.

விஜயதசமி காலையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்தேன். காய்ந்த சந்தனம் தகட்டைக் கீறிக்கொண்டு வந்தது. முதல் பிளாப்பியே கரகரவென்று அரைத்துவிட்டு நின்றது. பதினாறையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை. அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அப்போதுதான் படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. பெரியவர் வந்து தன் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"என்னா தம்பி, வேகமாயிடுச்சா?" என்றார்.

ஆயிடுச்சு என்றேன். அது பொய்யில்லை.

கடைசியாக அடித்த பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்து கோப்பின் பெயரை அடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் பதில் வந்துவிட்டது: அப்படி ஒரு கோப்பு இல்லை.

பெரியவர் பொடி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, காத்திருந்தார்.

"இன்னும் தேடுதாம்மா?"

"ஆமா முசியே, தேடுது" என்றாள் அவள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவா வரட்டும்" என்றார் அவர்.