ஒரே நம்பரில் இரண்டு லாரி

தோணிரேவு கிராமத்துத் தாமோதரன் 1976-ஆம் வருஷம் கடல் தொழிலை விட்டார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, உடைந்த பலகையைப் பிடித்தபடி ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்தவர் அவர். கரை சேர்ந்தபின் முழங்கால் அளவு தண்ணீரில்கூட இறங்கவில்லை. ஊரில் சிரித்தார்கள். மனைவி இருசம்மாள் மீன்கூடை சுமந்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு திருப்பாலைவனம் சாலையில் ஒரு இறால் கம்பெனி வந்தது. அதன் கேட்டில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. மேனேஜர் வீரராகவன் ஒன்பது வண்டிகளின் நம்பரைப் பலகையில் எழுதி மாட்டினார்.

"இந்த நம்பர் இருந்தாத்தான் பூட்டைத் திறக்கணும். வர்றது, போறது ரெண்டையும் நோட்ல எழுது."

தாமோதரன் ஒவ்வொரு நம்பரையும் இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துத்தான் எழுதுவார். தப்பு வந்தால் வேலை போய்விடும், மறுபடி கடல்தான் என்ற பயம்.

எண்பத்துமூன்றில் ஒரு நண்பகல். மேனேஜர் பொன்னேரிக்குப் போயிருந்தார். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. நம்பர் 4127, பலகையில் உள்ளதுதான். டிரைவர் புது ஆள். பக்கத்தில் இரண்டு பேர்.

"மெட்ராஸுக்கு சரக்கு ஏத்தணும். சீக்கிரம் திற."

எழுத நோட்டைப் புரட்டியவரின் கை நின்றது. காலை பத்து மணிக்கே 4127 உள்ளே வந்திருந்தது. வெளியே போனதாக எழுதவில்லை. திரும்பிப் பார்த்தார். ஐஸ் அறைக்குப் பக்கத்தில் அந்த லாரி நின்றது. அதன் நிழலில் டிரைவர் வேணு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

தாமோதரன் வெளியே நின்ற லாரியின் நம்பரை மறுபடி வாய்க்குள் படித்தார். கவிழ்ந்த படகடியில் வந்த அதே மூச்சுமுட்டல்.

"இன்னாய்யா முழிக்கிற?" புது டிரைவர் கீழே இறங்கினான். கையில் இரும்புக் கம்பி.

"சாவி... சாவி உள்ள இருக்குது. எடுத்தாறேன்."

சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. அது குலுங்கிவிடாமல் வேட்டியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓடினால் சந்தேகம் வந்துவிடும். வேட்டி நனைந்தது அவருக்கே தெரியவில்லை. உள்ளே வேலைக் கொட்டகையை எட்டியதும் அங்கே தொங்கிய சாப்பாட்டு மணியின் கயிற்றைப் பிடித்து விடாமல் இழுத்தார். இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்களும் ஐஸ் உடைக்கிறவர்களும் ஓடிவந்தார்கள். வேணு எழுந்தான். கேட்டுக்கு வெளியே தன் லாரியின் நம்பரைப் பார்த்து, "டேய், அது என் நம்பருடா!" என்று கத்தினான்.

புது டிரைவர் தாவி ஏற, லாரி பின்வாங்கியது. திரும்புமுன் டிரைவர் தலையை நீட்டினான்.

"தோணிரேவுதானே நீ? பாத்துக்கறேன்."

நான்கு நாள் கழித்து அந்த லாரி சுண்ணாம்புக்குளம் பக்கம் ஆளில்லாமல் கிடைத்தது. எங்கோ திருடிய வண்டி. நம்பர் மேல் நம்பர் எழுதியிருந்தார்கள். ஆட்கள் அகப்படவில்லை.

தன் ஊர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்வி தாமோதரனைத் தின்றது. தினம் வேறு வேறு வழியில் வீடு திரும்பினார். மேனேஜர் பாராட்டியது காதில் ஏறவில்லை.

"வேலையை வுட்டுடட்டுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"வுட்டா மட்டும் அவன் ஊரை மறந்துடுவானா?" என்றாள் இருசம்மாள். "நான் மீன் விக்கப் போற வழிதானே, கேட்டு வரைக்கும் நானும் வரேன்."

மீன்கூடையோடு அவள் ஏழெட்டு மாதம் கூடவே நடந்தாள். யாரும் வரவில்லை. கம்பெனி மூடும்வரை, இன்னும் ஐந்து வருஷம், தாமோதரன் அந்தக் கேட்டிலேயே இருந்தார். புது முகம் ஓட்டிவரும் லாரி என்றால் மட்டும், நம்பர் சரியாக இருந்தாலும், உள்ளேயிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் பூட்டைத் திறப்பார்.