இரும்புக் குண்டு பிந்தி வந்த வீடு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை நான் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. அது வந்த விதமே சரியில்லை. துபாயில் மாமா வேலை பார்த்த அலுவலகத்தில் எல்லாருக்கும் புதியது வாங்கிக்கொடுத்துவிட்டுப் பழையவற்றை ஒதுக்கியபோது, அதில் ஒன்றை மாமா கம்பளியில் சுற்றி, பால்பொடி டப்பாக்களோடும் கோடாலித் தைலத்தோடும் பெட்டியில் அடைத்து அனுப்பிவைத்தார். நல்ல பொருள் என்றால் அங்குள்ளவர்கள் ஏன் கைவிட வேண்டும் என்று நான் கேட்டதற்கு வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. பெரியவர்கள் பதில் சொல்லாத இடத்தில் ஏதோ இருக்கிறது என்பது அந்த வயதிலேயே என் கொள்கை.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. இராஜாக்கமங்கலத்தில் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பாவுக்கு வாழைக்குலை வியாபாரம். அம்மா நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் இரவு டியூட்டிதான். காலையில் வந்து சமையலை முடித்துப் படுத்துவிடுவாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர். கம்ப்யூட்டரையும் சேர்த்தால் நான்கு. ஏனென்றால் அதற்குத்தான் எங்கள் எல்லாரையும்விடப் பணிவிடை அதிகம். சூடு தாங்காது என்பதால் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பிவைக்க வேண்டும். மிக்ஸி ஓடும்போது போடக் கூடாது. மற்ற நேரத்தில் போட்டாலும், அரிசி வேகும் நேரத்துக்கு உறுமிக்கொண்டே இருந்துவிட்டுக் கண்ணைத் திறக்கும். திரை சில நாள் பச்சையாகும். மானிட்டரின் இடது கன்னத்தில் ஒன்று வைத்தால் சரியாகும். அப்பா அதைச் 'சவம்' என்றுதான் சொல்வார். ஆனால் மழையில் இடி முழங்கினால் ஓடிப்போய் முதலில் பிளக்கைப் பிடுங்குகிறவரும் அவர்தான்.

அந்த ஆண்டுதான் பள்ளியில் புவியீர்ப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எல்லாவற்றையும் கீழே இழுக்கிறது என்று அறிவியல் டீச்சர் சொன்னார். வகுப்பே தலையாட்டியது. எனக்கு அது சம்மதமாக இல்லை. அதைவிட மோசமான ஒன்றையும் அவர் சொன்னார்: காற்று தடுக்காவிட்டால் கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழுமாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். குலைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"குலைய கீழ போட்டா காய் கறுத்துப் போவும். எனக்கு அவ்வளவுதான் அறியும். பேசாம இரிட்டி."

பள்ளியில் கொடுத்த அறிவியல் சி.டி.யில் இதற்கென்றே ஒரு விளையாட்டு இருந்தது. உயரமான கோபுரம், அதன் உச்சியில் ஒரு பெரிய இரும்புக் குண்டும் ஒரு சின்ன மரக் குண்டும். பொத்தானை அமுக்கினால் இரண்டும் விழும். அமுக்கினேன். மரக் குண்டு ஒழுங்காக வந்து தரையில் அமர்ந்தது. இரும்புக் குண்டு பாதி வழியில் நின்று, கொஞ்சம் யோசித்து, விக்கி விக்கி இறங்கிப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. மானிட்டரின் கன்னத்தில் தட்டிவிட்டு மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதே கதை.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் வீட்டில் கனமான குண்டு பிந்தித்தான் வருகிறது என்று சொன்னேன். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் வயசானது, பெரிய குண்டைத் தூக்கி இறக்க அதற்குத் தெம்பில்லை, குற்றம் புவியீர்ப்பின்மேல் இல்லை என்றார் டீச்சர். நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் டீச்சர் கையில் வைத்திருந்த புத்தகமும் அட்டை கிழிந்த பழைய புத்தகம்தான். இரண்டு கிழங்களில் எது பொய் சொல்கிறது என்பதை யார் முடிவு செய்வது?

இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பள்ளி விட்டு வந்ததும் நான் மானிட்டரின் முதுகைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். அது வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாளும் அப்படியே. பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான், அவளும் தூங்குகிறவள். கம்ப்யூட்டரைப் போடவே தனக்குத் தெரியாது என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்படியானால் யாரோ வருகிறார்கள். வந்து, என் குண்டுகளைக் கெடுத்துவைத்துவிட்டுப் போகிறார்கள். என் சந்தேகங்கள் இரண்டும் சேர்ந்து ஒன்றானதில் எனக்கு ஒரு திருப்தி. ஒரு நாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் கீபோர்டின் மேல் முகப்பவுடரை மெலிதாகத் தூவிவைத்தேன். மாலையில் விரல் தடம் எதுவும் இல்லை, பவுடரும் இல்லை. வந்த நாளிலிருந்து அப்படிச் சுத்தமாக அந்தக் கீபோர்டு இருந்ததே கிடையாது. தடத்தைவிட அந்தச் சுத்தம்தான் என்னைக் கலக்கியது.

அடுத்த வாரம் ஒருநாள் டீச்சர்களுக்கு ஏதோ கூட்டம் என்று மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டப் போன கை நின்றது. உள்ளே அம்மாவின் குரல். இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டைச் சுற்றிப்போய், வாழைகளுக்கு நடுவே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மானிட்டரின் முதுகு என் பக்கம். அதன் பின்னால் அம்மாவின் நெற்றியும், காதில் மாட்டிய ஹெட்போனும் மட்டும் தெரிந்தன. அறையில் வேறு யாரும் இல்லை. "வேர் டஸ் இட் ஹர்ட்?" என்று அம்மா கேட்டாள். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மெதுவாக, "வேர் டஸ் இட் ஹர்ட்?" பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, மூக்கால் பேசுகிற மாதிரி இன்னொரு தடவை. எனக்கு அதன் பொருள் தெரியும்: எங்கே வலிக்கிறது? யாருக்கு வலிக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அம்மா அப்படி இழைந்த குரலில் என்னிடமோ அப்பாவிடமோ பேசி நான் கேட்டதில்லை. ஓடிப்போய்க் கதவைப் படபடவென்று தட்டினேன்.

உள்ளே நாற்காலி இழுபட்டது, விசிறி நின்றது, அதன் பிறகுதான் கதவு திறந்தது.

"என்ன மக்கா, இப்பமே வந்தியா? மேலுக்கு சுகமில்லியா?"

நான் நேராகப் போய் மானிட்டரின் முதுகில் கைவைத்தேன்.

"சூடா இருக்கு."

"வெயிலு பட்டிருக்கும்."

அந்த அறைக்குள் சூரியன் எட்டிப்பார்த்ததே இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, சீட்டு விளையாடுனேன். அதுக்குள்ள ஒரு சீட்டு வெளையாட்டு கெடக்குல்லா, அதாக்கும். அப்பாட்ட சொல்லிராத, கேட்டியா?"

இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டேன். அந்தச் சீட்டுக்கு இங்கிலீஷில் சொன்னால்தான் விளங்கும் என்றாள். அப்பாவுக்குச் சீட்டு என்றாலே ஆகாது. எங்கள் தேவாலயச் சபையிலும் சீட்டைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. அம்மாவே ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறாள் என்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சந்தேகமே தொழிலாக இருந்தவள், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரே இடத்தில் ஏமாந்தேன். அவளைப் பிடித்துவிட்ட மிதப்பில் விலை பேசினேன்: அப்பாவிடம் சொல்ல மாட்டேன், ஆனால் இப்போதே மொட்டைமாடிக்கு வந்து புவியீர்ப்பை நிரூபித்துக் காட்ட வேண்டும்.

தூக்கம் சுமந்த கண்களோடு அம்மா ஒரு தேங்காயையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். நான் கீழே முற்றத்தில், தலையில் விழாத தூரத்தில் நின்றேன். முதல் தடவை தேங்காய் முந்தியது.

"நீ தேங்காய முதல்ல விட்டுட்ட!" என்று கத்தினேன்.

"கனக்குதுட்டி, கை நிக்கல்ல."

இடம் மாறினோம். நான் மேலிருந்து போட்டேன், அம்மா கீழே நின்று பார்த்தாள். ஒன்றாகத்தான் வந்தது என்றாள். சீட்டு விளையாடுகிறவளின் சாட்சியை எப்படி ஏற்பது? மறுபடி அவளை மேலே அனுப்பிவிட்டு, இந்தத் தடவை பார்ப்பதில்லை, கேட்பது என்று முடிவு செய்து கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் ஒன்றுதான் வந்தது. எலுமிச்சையின் சத்தம் தேங்காயின் சத்தத்துக்குள் ஒளிந்திருந்தது. கண்ணைத் திறந்தபோது தேங்காய் விண்டு கிடந்தது, தரையில் தேங்காய்த் தண்ணீரின் ஈரம். இரண்டும் வேறு வேறு கனம், ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. டீச்சர் பொய் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

உடைந்த தேங்காயைப் பொறுக்கிக்கொண்டு மேலே போனேன். அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சில்லை வாயில் போட்டுக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி கேட்டாள்:

"ஏட்டி, நான் இல்லேன்னா நீ ஒத்தைக்குத் தலை பின்னிக்கிடுவியா?"

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று உடனே பட்டது. பள்ளி அவசரத்தில் என்னைக் கழற்றிவிட அவள் போடும் திட்டம். "மாட்டேன். நீதான் பின்னணும்" என்றேன். அம்மா என் பின்னலை அவிழ்த்து, அந்த நடுப்பகலில், தேவையே இல்லாமல் மறுபடி பின்னத் தொடங்கினாள். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள். திரும்பிப் பார்க்க விடவில்லை.

சீட்டு ரகசியத்தை நான் அப்பாவிடமிருந்து பத்திரமாகக் காத்தேன். சாப்பிடும்போது அவர் அம்மாவைப் பார்த்து, "இன்னைக்கு எப்படி?" என்று கேட்பார், அம்மா "பரவால்ல" என்பாள். ஆஸ்பத்திரியைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். நோயாளியிடம் இங்கிலீஷில் பேசிக் காட்டும் தேர்வில் தேறினால் அயர்லாந்தில் வேலை கிடைக்கும் என்பதும், அதற்கு அவளைப் போகச் சொன்னதே அப்பாதான் என்பதும், நிச்சயமாகும்வரை பிள்ளையிடம் சொல்ல வேண்டாமென்று இருவரும் பேசிவைத்திருந்ததும் எனக்குத் தெரியாது. வீட்டில் அந்த விஷயம் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

பரீட்சை லீவு தொடங்கிய வாரம், நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்து கம்ப்யூட்டரைப் பிரித்துப் புதிய மெமரி போட்டார். உனக்காகத்தான், உன் குண்டு ஒழுங்காக விழட்டும் என்றாள் அம்மா. சி.டி.யைப் போட்டேன். இரும்புக் குண்டும் மரக் குண்டும் விக்கலில்லாமல் இறங்கி ஒன்றாகத் தரையைத் தொட்டன. அம்மா சொன்னது ஒன்று கண்ணெதிரே உண்மையானதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போகும் முன் அந்த ஆள் கோலிக்குண்டு அளவுக்குக் கண்ணுள்ள ஒரு சின்ன கேமராவை மானிட்டரின் தலையில் மாட்டினார். அப்பா என்னை அதற்கு நேராக உட்காரவைத்தார். திரையின் மூலையில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது. அம்மா எழுந்து கதவு வரைக்கும் தள்ளிப்போய் நின்று, அங்கிருந்தே அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் கிட்ட வா மக்கா" என்றாள்.

நான் கிட்டப் போனேன். குண்டு விழுவதைப் பார்க்க எதற்குக் கேமரா என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.