ஹாரன் இல்லாமல் ஏறிய பதினேழு வளைவுகள்

டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டி, சிவப்புப் பக்கம் மெதுவாகச் சாய்ந்ததை நான் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். கண் பார்த்தது, மண்டைக்கு ஏறவில்லை. போடியில் டிரைவிங் ஸ்கூலில் பதினொரு வருடமாகக் கற்றுக்கொடுக்கிறவள் நான். "ரோட்டை மட்டும் பார்த்தா ஆச்சா, மீட்டரை யாரு பாக்குறது?" என்று தினமும் நாலு பேரையாவது வைகிறவள். அன்றைக்கு அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், பானெட்டிலிருந்து ஆவி எழுந்து கண்ணாடியை மறைத்த பிறகுதான் வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்தில் என் மாமனார். "என்ன தாயி, நின்னுருச்சா?" என்றார். தேனி ஆஸ்பத்திரியில் கிளம்பினதிலிருந்து அவர் பேசின முதல் பேச்சு அது.

என் வீட்டுக்காரர் அன்று காலைதான் இறந்திருந்தார். நெஞ்சுவலி என்று மூன்று நாள் வைத்திருந்தார்கள், பிறகு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உடும்பன்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. அவர் பிறந்ததும் அதே தோட்டத்து லய வீட்டில்தான், அடக்கமும் அங்கேதான். ஆம்புலன்ஸில் என் மாமியாரும் அவருடைய மூத்த மகனும் ஏறிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். மாமா ஏறவில்லை. "அவன் படுத்துக் கெடக்க, நான் பக்கத்துல குத்தவச்சு வரவா? என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மகனுடைய பழைய காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரைத் தனியே விட முடியாது, கார் ஓட்டத் தெரிந்தவள் நான்தான். அதனால் சாவியை வாங்கிக்கொண்டேன். பங்குச் சாமியாருக்கு மாலையில் வேறொரு எஸ்டேட்டில் பூசை இருந்தது. நாலு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவோம், அதற்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். மலையில் போன் எடுக்காது. லேட்டாகும் என்று சொல்லக்கூட வழி கிடையாது.

மாமா அந்தத் தோட்டத்துக் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார், மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, பாட்டு எடுப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் இவர். மைக் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் கோயிலில் "பரலோகத்தில் இருக்கிற" என்று எடுத்தால் கீழே ஸ்டோரில் காய் பொறுக்குகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுச் சிலுவை போடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். வீட்டில் அந்த வாயிலிருந்து ஒரு பேச்சு வராது. கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். பெற்ற மகனிடமும் அப்படித்தான். ஊரில் அவரைக் கெட்டி நெஞ்சுக்காரர் என்பார்கள்.

பானெட்டைத் தூக்கினேன். இன்ஜின் அப்படிக் கொதிக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். அது அசையாமல் நின்றது. ஒரு குச்சியால் இறக்கையைத் தள்ளிப் பார்த்தேன், லேசாகச் சுற்றியது, ஆக மோட்டார் இறுகவில்லை. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன், நன்றாக இருந்தது. அடுத்தது ரிலே. கரண்டைத் திறந்துவிடுகிற சின்னக் கறுப்புப் பெட்டி, தீப்பெட்டியில் பாதி இருக்கும். ஃபேனுக்கான இடத்தைத் தேடினால் அங்கே ரிலேயே இல்லை. நாலு ஓட்டை மட்டும் இருந்தது. சுற்றிலும் தூசி, அந்த நாலு ஓட்டைப் பக்கம் மட்டும் சுத்தம். யாரோ சமீபத்தில்தான் கழற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. என் வீட்டுக்காரர்தான். இரண்டு இடம் தள்ளி, ஹாரனுக்கான குழியில் அது உட்கார்ந்திருந்தது. அதற்கு முந்தின மாதம் முழுக்க நான் அவரை ஹாரனுக்காக நச்சரித்தேன். ஹாரன் இல்லாமல் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு நான் லைசென்ஸ் கொடுக்க விடமாட்டேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை போனில் "ஹாரன் ரெடி டீச்சர், போதுமா?" என்றார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். புது ரிலே வாங்கவில்லை, ஃபேனுடையதைப் பிடுங்கி ஹாரனுக்கு மாட்டியிருக்கிறார். மேலே மழையும் மஞ்சுமாக எப்போதும் குளிர், ஃபேன் சுற்றியதை அங்கே யாரும் பார்த்ததே கிடையாது. சனிக்கிழமை இறக்கத்தில் போடி வீட்டுக்கு வருவார், திங்கட்கிழமை விடியுமுன் ஏறிவிடுவார். அவருடைய வண்டிக்கு ஃபேன் தேவைப்பட்டதே இல்லை. உச்சி வெயிலில் அடிவாரத்திலிருந்து அந்த வண்டியை ஏற்றின முதல் ஆள் நான்தான். எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தக் கோபம், அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனது. யாரைத் திட்ட?

ஒரு முழம் வயர் இருந்தால் போதும், ஃபேனை நேராக பேட்டரியில் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். டூல் பையில் எப்போதும் வயர் கிடக்கும். அந்தப் பையைத்தான் ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துப் போக நான் வீட்டில் கொட்டிக் காலி செய்திருந்தேன். மாமாவிடம் சொன்னேன், "ரிலே ஒண்ணுதான் இருக்கு மாமா. ஃபேனுக்குப் போட்டா ஹாரன் அடிக்காது. ஹாரனுக்கு விட்டா வண்டி ஏறாது." அவர் மேலே ரோட்டைப் பார்த்தார். போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. எதிரே ஜீப்பும் லாரியும் வளைவில் ஹாரன் சத்தத்தை நம்பித்தான் இறங்கும். "ஃபேனுக்குப் போடு தாயி" என்றார். "நான் சத்தம் குடுக்கேன்."

ரிலேயை மாற்றியதும் ஃபேன் சுற்றத் தொடங்கியது. இன்ஜின் ஆறுகிற வரைக்கும் அரை மணி நேரம் காத்திருந்தோம். மாமா செக்போஸ்ட் வரைக்கும் நடந்துபோய் இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். ஊற்றிவிட்டுக் கிளம்பும்போது மணி இரண்டே கால்.

முதல் வளைவில் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வண்டி வருது, ஒதுங்கு" என்றார். கோயில் குரல். எதிரே வந்த ஜீப் அப்படியே நின்றது. அதிலிருந்த மலையாளி டிரைவர், "எந்தா அப்பச்சா, ஹாரன் இல்லே?" என்று சிரித்தான். எங்களைப் பார்த்தால் சாவுக்குப் போகிறவர்களாகத் தெரிந்திருக்காது. இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு வளைவுக்கும் நான் கியரைக் குறைப்பேன், அவர் தலையை நீட்டுவார். முள் நடுவில் நின்றது. ஆறாவது வளைவிலோ ஏழாவதிலோ அவர் "வண்டி வருது" என்று ஆரம்பித்தார், பாதியில் பேச்சு மாறிவிட்டது. "ஏலே சின்னவனே" என்று கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் இரண்டாவது பிள்ளை, வீட்டில் அதுதான் பேர்.

அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு அதுதான். "ஏலே சின்னவனே." குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. லாரிகள் ஒதுங்கி நின்றன. ஒரு லாரி கிளீனர் கும்பிட்டான், என்ன புரிந்ததோ. வளைவு இல்லாத இடத்திலும் அவர் கூப்பிட்டார். சட்டைக்காலர் நனைந்துபோனது. நான் ரோட்டைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன், அவர் பக்கம் திரும்பவில்லை. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம், தோளைத் தொட்டிருக்கலாம். எனக்கு அப்போது கையும் காலும் மட்டும்தான் இருந்தன, கிளச்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் அவை சரியாகப் போய்விட்டன. பதினைந்தாவது வளைவில் வெறும் காற்றுதான் வந்தது. கடைசி இரண்டுக்கும் கதவைக் கையால் தட்டிக்கொண்டே வந்தார்.

தோட்டத்துக் கோயிலில் வண்டியை நிறுத்தும்போது நாலு தாண்டிப் பத்து நிமிடம். பெட்டியை மூடவில்லை, சாமியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூடுவதற்கு முன்னால் குடும்பத்தில் மூத்தவர் செபம் சொல்லி, இறந்தவர் பேரைச் சொல்லி வழியனுப்புவது அங்கே வழக்கம். அந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் அதை மாமாதான் செய்வார். எல்லாரும் அவருக்காக விலகி வழிவிட்டார்கள். அவர் பெட்டியின் தலைமாட்டில் நின்று வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு பேசாமல் நின்றார். கண்ணிலும் ஒன்றும் இல்லை. சாமியார் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே செபத்தைத் தொடங்கினார். நானும் அழவில்லை. அதற்கு, பாவம், அதிர்ச்சி என்று என்னை விட்டுவிட்டார்கள்.

அவரை விடவில்லை. "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் செபம் சொன்ன வாய், பெத்த பிள்ளைக்குத் தொறக்கல பாரு" என்று அன்றைக்கே பெண்கள் பக்கம் பேச்சு எழுந்தது. ஆறு வருடமாகிறது. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், மாமா இப்போது போடியில் என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் ஒரு விசேஷ வீட்டில், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் தங்கச்சி இன்னொருத்தியிடம் அதையே சொன்னாள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் மறுத்துச் சொல்லப் போனேன், அவர் இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார்.

அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் வருவதற்கு முன்னாலேயே அந்த மனிதர் மலை முழுக்கத் தன் பிள்ளையைக் கூப்பிட்டு முடித்துவிட்டார். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன், எனக்குக் கேட்டது.