பிணையாக உட்கார்ந்த பிள்ளைகள்

பழவேற்காட்டில் ஏரியைப் பார்த்தபடி ஒரு பழைய பங்களா இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. எங்கள் சபைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வருடா வருடம் அங்கேதான் மாநாடு. போன வருடம் குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை. பத்து வயது மகளை மட்டும் அழைத்துப் போனேன்.

இரண்டாம் நாள் மதியம் பிள்ளைகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதாக மாநாட்டுத் தலைவர் சொன்னார். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடு. பிறகு இரண்டு படகுகளில் ஏரியில் போய்ப் பூநாரை. எனக்கு அறிக்கை வாசிக்கும் வேலை இருந்ததால் மகளை அவரோடு அனுப்பினேன்.

ஏரியில் எந்தக் குப்பம் என்றைக்கு எங்கே வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு. பாடு என்பார்கள். அந்த முறைப்படி கட்டிய வலையை மற்றப் படகுகள் சுற்றித்தான் போகவேண்டும். இது தலைவருக்குத் தெரியாததல்ல, அவர் பொன்னேரிக்காரர். மாலைக் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று நேராக விடச் சொல்லியிருக்கிறார். வலை கிழிந்தது. குப்பத்தார் இரண்டு படகையும் மறித்தார்கள். கிழித்தவர் ஊர் கூடிப் பேசும்வரை குப்பத்துக் கரையில் உட்கார வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

தலைவர் மட்டும் ஒரு படகில் திரும்பி வந்தார். நான் பார்த்தபோது வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைங்க எங்க சார்?”

“அந்தக் கரையில பத்திரமா இருக்காங்க பிரதர். நல்ல ஜனங்கதான். பேசி முடிச்சதும் அனுப்பிடுவாங்க. நான் ஜெபக் கூட்டம் நடத்தணும் இல்லையா?”

துறைக்கு ஓடிக் கிடைத்த படகில் ஏறினேன். அக்கரை வரும்வரை உட்கார முடியவில்லை. படகுக்காரர் இரண்டு முறை அதட்டினார்.

பிள்ளைகள் மணலில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தார்கள். பரிமாறிய பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீதான் பாப்பாவோட நைனாவா? இன்னா மன்சனுங்கப்பா நீங்க. நாங்க அந்தப் பெரியவரத்தான் குந்தச் சொன்னோம். ‘புள்ளைங்க இருக்கட்டும், நான் போய்க்கினு வந்துடறேன்’னு படகுல ஏறிக்கினாரு.”

“அதை அவரு சொல்லலம்மா.”

“எப்டி சொல்வாரு? எல்லாத்தையும் இட்டுக்கினு போ. வலையப் பத்தி அவராண்டயே பேசிக்கறோம்.”

நாங்கள் பங்களாவுக்குத் திரும்பியபோது அவர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். ஆமென் சொன்ன கையோடு என் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

“மீனெல்லாம் சாப்பிட்டியா?”

அவள் என் பின்னால் ஒதுங்கினாள்.

“உங்களைத்தானே சார் உட்காரச் சொன்னாங்க?” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

“கூட்டம் நின்னுடக் கூடாதே பிரதர்.”

அறை நிறைய ஆசிரியர்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகளும் அந்த மணலில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள், எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பிவிட்டேன்.

இப்போது அவள் பள்ளியில் சுற்றுலா போகிறார்கள். நான் இன்னும் சரியென்று சொல்லவில்லை. “நீச்சல் கத்துக்கிட்டா அனுப்புவியாப்பா?” என்று நேற்றுக் கேட்டாள். தண்ணீர்தான் என் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்கு நானே போய்க் கேட்கப் போகிறேன்.