வரப்பில் நின்று கேட்டது

விஷக்காய்ச்சல் பரவிய அந்த நடவு மாதத்தில், ஆரம்பாக்கத்துப் பக்கம் நாலு ஊர்களுக்கு ஜுரக் கணக்கு எடுப்பவன் நான்தான். சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள். வாரம் ஒரு தாளில், எந்த ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எழுதித் தர வேண்டும். எண் இருக்கும் ஊருக்குத்தான் மாத்திரையோடு ஜீப் போகும்.

என் ஊரில் பகலில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லோரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாமே என்று கழனிக்குப் போய் வரப்பில் நின்று கேட்டேன். அதைச் சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

நடவுக்கு ஆள் சேர்க்கும் அம்மாள் நிமிர்ந்தாள். "பேனாக்காரர் வந்துட்டாரு. ஜுரம் கீறவ கைய தூக்குங்கடி. நாளைக்கு அவளுக்குப் பதிலா வேற ஆள இட்டாறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கையும் உயரவில்லை.

வரிசையின் கடைசியில் என் அக்கா. கல்யாணமாகி அதே ஊரில் தனிக்குடித்தனம். முகம் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"உனக்கு?" என்றேன்.

"எனக்கு இன்னாடா? கல்லு மாதிரி கீறேன். அப்டியே எழுதிக்கோ."

ஊர்ப்பெயருக்கு நேரே, வட்டம் கோணாமல் ஒரு பூஜ்யம் போட்டேன்.

ஜீப் மற்ற ஊர்களுக்குப் போயிற்று. ஐந்தாம் நாள் மூச்சுத் திணறிய அக்காவை மாட்டுவண்டியில் ஏற்றினோம். கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனதும், பழைய தாளைத் திருத்தித் தரட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அது ஜில்லா ஆபீசுக்குப் போயிடுச்சுப்பா. ஜுரமே இல்லாத ஊர்ல ஜுரத்தால சாவுன்னு இப்ப எப்படி எழுதறது?"

அன்று மாலை, பெண்கள் கழனியிலிருந்து திரும்பிய பிறகு வீடு வீடாகப் போனேன். அடுப்படியில், தணிந்த குரலில் கேட்டேன். அநேகமாக எல்லா வீட்டிலும் யாராவது படுத்திருந்தார்கள். மறுநாளே ஜீப் வந்தது.

அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜுரம். மாமா மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத போன வாரம் குடுத்திருக்க மாட்டாங்களா?"

"போன வாரம் நான்தான் யாருக்கும் இல்லேன்னு எழுதினேன், மாமா."

சின்னவனை மடியில் சாய்த்து, மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தார்.

"அவ சொன்னதத்தானேடா எழுதின," என்றார்.